சுவர்மேல் போட்ட பழி

எஹலியகொடப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்திலிருந்து பெயின்ட் ரோலரும் பையுமாக இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பையில் மேரி அக்கா கட்டிக்கொடுத்த ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

அவர் அங்கே இறப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். அடுத்த ஞாயிறு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க நினைத்தார். உள்ளூர்ப் பெயின்ட் மேஸ்திரி மைக்கல் பாஸ், பழைய சுண்ணாம்பைச் சுரண்டவே தனியாக மூன்று நாள் கூலி கேட்டிருந்தார். ஊர் ஊராக அலையும் எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

“சுவருக்குச் சவரம் பண்ணப் போறாராக்கா அவரு? நான் பாதிக் கூலியில முடிச்சுத் தர்றேன்.”

அக்கா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சுரண்டாமலே அடித்தேன். மறுநாள் பெயின்ட் அப்பளம் போல எழும்பி உதிர்ந்தது.

“என்ன தம்பி இது?”

“உங்க சுவர்ல ஈரம் அக்கா. நான் என்ன செய்ய?”

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். “எங்க வீட்டால உங்களுக்கும் கெட்ட பேரு” என்று சொல்லி, பேசிய கூலியோடு ரொட்டியும் சுட்டுத் தந்தார்.

வழியில் நல்ல பசி எடுத்தது. ஆனாலும் அந்த ரொட்டியை வாயில் வைக்க முடியவில்லை. திரும்பிப் போய் மைக்கல் பாஸிடம் நடந்ததைச் சொன்னேன்.

“என்கிட்ட ஏன் சொல்ற? அந்தம்மாகிட்டச் சொல்லு. காலையில வா.”

விடிந்ததும் அவருடன் போய், வாங்கிய கூலியை முழுதாக அக்காவின் கையில் வைத்தேன்.

“ஈரம் இல்லக்கா. சுரண்டணும்னு தெரிஞ்சேதான் குறைச்சுச் சொன்னேன்.”

அக்கா வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தார். மைக்கல் பாஸின் கூலியில்லாத உதவியாளாக, நான் அடித்த பெயின்டை நானே சுரண்ட ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.