வள்ளித்தாய் வாங்கிக்கொடுத்த கேஸ் ஊசி

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வள்ளித்தாய், காலையில் கேஸ் மாத்திரை போடாமல் கம்பெனி வேனில் ஏறமாட்டாள். அது இல்லாமல் எந்த உடம்பும் தாங்காது என்பது அவள் நம்பிக்கை. 2006இல் மகள் சினேகாவைக் காய்ச்சலுக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வார்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் போடும் கேஸ் ஊசியைப் புது டாக்டர் நிறுத்தினார்.

“வயித்துல கோளாறு இல்லம்மா. அந்த ஊசி நெஞ்சுச் சளியத்தான் கூட்டும்” என்றார்.

“நேத்துவரைக்கும் எல்லாருக்கும் போட்டீக. எம்பிள்ளைன்னா கசக்குதோ?”

பதிலுக்குக் காத்திராமல், காலியாக நின்ற, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைத் தூக்கி அவர் மண்டையில் அடித்தாள். தடுத்த நர்சின் கையைக் கடித்து ரத்தத்தைத் துப்பினாள்.

படித்த மனிதர், ஒரே அடியில் புரிந்துகொண்டார். நாலு தையலோடு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி எழுதினார்.

மூன்றாம் நாள் சினேகாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது.

“ஊசி போட்டதால இம்புட்டோட போச்சு” என்றாள் வள்ளித்தாய்.