கீழ்ப்பாக்கம் போன மங்கை அக்கா

திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன் விற்ற மங்கை அக்காவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. விலையைக் குறைத்துக் கேட்டால் போதும், "கீழ்ப்பாக்கம் போய் ஊசி போட்டுகினு வா" என்பாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. அவள் பேச்சுப்படி பார்த்தால் குப்பத்தில் பாதிப்பேர் அங்கே படுத்திருக்க வேண்டும்.

அவளுக்குச் சரிக்குச் சரி வாயடித்தவன் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் மகன் கருணாகரன் ஒருவன்தான். 1956இல், மழைக்காலம் முடிந்த சமயம், அவன் பிடித்துவந்த மீனுக்குக் கரையில் அக்கா அடிமாட்டு விலை கேட்டாள். அவன் மறுவார்த்தை பேசாமல் கூடையைக் கொடுத்துவிட்டான். கொஞ்ச நாளாகவே அவன் தூங்குவதில்லை, தோஸ்துகளோடு சேருவதில்லை.

"அலையெல்லாம் என்னப் பத்தியே பேசிகினு கீதுக்கா," என்றான் மெதுவாக.

 அக்காவின் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மந்திரம், தாயத்து என்று வருஷக்கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் சங்கிலியில் கட்டிவைத்தார்கள். பிறகு கீழ்ப்பாக்கம் கொண்டுபோனபோது, இவ்வளவு முற்றவிட்டுக் கொண்டுவந்தீர்களே என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

உடனே புஷ்பவல்லியிடம் போய், "உம் புள்ளைய கீழ்ப்பாக்கம் இட்டுகினு போ" என்றாள். புஷ்பவல்லி துடைப்பத்தை எடுத்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரையே அங்கே அனுப்புகிறவள் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

யோசித்துப் பார்த்த அக்கா, மறுநாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு புஷ்பவல்லி வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் பூட்ச்சு. தொணைக்கு உம் புள்ளைய இட்டுகினு நீயும் வா."

இதைக் குப்பமே மறுபேச்சில்லாமல் நம்பியது. இப்போதாவது தெரிந்ததே என்று சிலர் நிம்மதிப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் கருணாகரனோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். "இப்பதான் ஆரம்பம். மருந்தை விடாம சாப்பிட்டா நல்லா இருப்பான்," என்றார். புஷ்பவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாதாமாதம் மூவரும் பஸ் ஏறினார்கள். மாத்திரை கருணாகரனுக்கு, பைத்தியம் என்ற பட்டம் அக்காவுக்கு. பட்டத்தால் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை; பயந்துபோய்ப் பலர் பேரம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவனும் மெல்லத் தேறி மறுபடி கடலுக்குப் போனான்.

ஒருநாள் கரையில், கூட மீன் விற்கும் சிவந்தி, "பைத்தியத்தாண்ட எவனாவது மீன் வாங்குவானா" என்று சிரித்தாள். அக்கா கண்டுகொள்ளவில்லை. புஷ்பவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை.

"நோவு எம் புள்ளைக்கு. அவனுக்காக இவ தம் பேர கெடுத்துகினா," என்றாள் எல்லார் முன்னாலும்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னாடி இப்டி பண்ட்ட? அவனுக்கு இனிமே எவன் பொண்ணு குடுப்பான்?"

"தெரிஞ்சி குடுக்கிறவன் குடுக்கட்டும்."

 கூட்டம் கலைந்த பிறகும் சிவந்தி மட்டும் போகாமல் நின்றாள்.

"எந் தங்கச்சி தூங்கறதில்லக்கா. யாரோ கூப்புட்றாங்கன்னு வாசல் வாசலாப் போய் நிக்கிறா," என்றாள். "பஸ்ஸு எத்தினி மணிக்கு?"