மாட்டைத் தொடாத சாட்டை

சோழவந்தான் சந்தையில் வண்டியிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பேரையூர்ப் பக்கம் போய்வந்த பஸ் கண்டக்டர் அருகில் வந்து, "அண்ணே, ஒச்சப்பண்ணன் போய்ச் சேந்துட்டாகளாம். காய்ச்சலாம்" என்றான். "காய்ச்சலா? அந்தப் பயலுக்கா?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். சக்கரத்துக்கும் கம்புக்கும் சாகாதவன் பாயில் படுத்துச் செத்தான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்கிறார்கள். எத்தனையோ பந்தயங்களில் வண்டியோடு வண்டி முட்டி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டவர்கள் நாங்கள். எனக்கு அவன் 'அவன்'தான். அவனைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்கு மேற்கே ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஒச்சப்பனை ஜெயித்த சாரதி கிடையாது. வாடிப்பட்டியில்தான் முதன்முதலில் மோதினோம். எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் என் வண்டி அவனை ஒட்டி நுழைந்தது. சாட்டையைச் சுழற்றி என் முகத்தில் இறக்கினான். புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் வழிய, பாதை தெரியாமல் முள்ளுக்காட்டுக்குள் வண்டியை விட்டேன். பந்தயம் முடிந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் கம்புகளோடு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் ஓடவில்லை. மாடுகளின்மேல் அடி விழாதபடி குறுக்கே நின்று, மண்டை உடையும் வரை வாங்கினான். "மாட்டுக்கு நாக்குச் சத்தம் போதும்டா. சாட்டை மனுசனுக்குத்தான்" என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். திமிர்தான், ஆனால் பொய்யில்லை. அவன் மாடுகளின் முதுகில் ஒரு தழும்பு கிடையாது.

யுத்த காலத்தில், அவன் சொந்த ஊரான பேரையூரில் ஒரு பந்தயம். அந்த வருடம் வைகை வெள்ளம் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலை அடித்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஒரு ஜோடிக் காளை. அதை வைத்துப் பாரம் ஏற்றித்தான் கஞ்சி குடித்தோம். முதல் பரிசு கறவை மாடு என்றார்கள். அந்தக் காளைகளையே பூட்டிக்கொண்டு கிளம்பினேன். "அதுக ரெண்டும் முழுசா வீடு வந்து சேரணும். உங்களைப் பத்திப் பெறகு பாக்கலாம்" என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்பினாள்.

கொடியைத் திரும்பும்போது எங்கள் சக்கரங்கள் மோதின. என் வண்டியின் அச்சு முறிந்து, வண்டி என் கால்மேல் கவிழ்ந்தது. ஒரு காளை விழுந்து, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்க, நாக்குத் தள்ளிக் கிடந்தது. முன்னால் போய்விட்ட ஒச்சப்பன் ஓடும் வண்டியிலிருந்து குதித்து வந்தான். "காலுடா, டேய், என் காலு!" என்று அலறினேன். அவன் என் நெஞ்சை மிதித்துத் தாண்டிப் போய்க் கத்தியால் கயிற்றை அறுத்தான். காளை மூச்சு விட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு வாய் இருக்கு, கத்துற. அது எங்கிட்டுப் போய்க் கத்தும்?"

ஆளில்லாத அவன் வண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது. வேறு யாரோ ஜெயித்தார்கள். ஊர் மானத்தை விற்றுவிட்டான் என்று அவன் ஆட்களே அவனைப் பிடித்து, நுகத்தடிமேல் கையை வைத்து அடித்து முறித்தார்கள். கை கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அவன் வண்டியில் ஏறவேயில்லை.

கருமாதிக்குப் போனேன். அன்று கையை முறித்தவர்களில் ஒருவன் பந்தலில் எழுந்து, "எதிராளி உசுரக் காப்பாத்தப் பந்தயத்தையே விட்ட மகராசன்" என்றான். அன்று கால் நசுங்கியதிலிருந்து கையோடு இருக்கும் ஊன்றுகோலால் அவன் தோளில் ஒன்று போட்டேன்.

"என்னைய எங்கடா காப்பாத்துனான்? என் நெஞ்சுல மிதிச்சுல்ல போனான்! மாட்டுக்காகப் போனான்டா. அதுக்குத்தான அவன் கைய ஒடிச்சீக?"

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அடிபட்டவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாய்விட்டு அழுதேன்.

ஒச்சப்பன் எனக்கு விட்டுப்போனவை இரண்டு: புருவத்தில் ஒரு தழும்பு, மாட்டுக் கொட்டத்தில் அன்று அவன் கயிறறுத்துக் காப்பாற்றிய காளை. இன்று காலை அந்தக் காளையை வெற்றிலை வண்டியில் பூட்டினேன். மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, நாக்கைச் சொடுக்கினேன். நடந்தது.