துடக்கு அதில் எங்கே வருகிறது

அம்மா தந்த வளவில் என் வீடும் தங்கையின் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. அம்மன் கோயில் சடங்கு முடிந்த மறுநாள் என் வீட்டில் இறால் சமைத்தேன். அத்தனை நாளும் மரக்கறி தின்ற நாக்கு. தங்கையும் வந்து சாப்பிட்டாள். அவள் கை கழுவி முடியவில்லை, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி உதடும் வீங்கிவிட்டது.

நான் யோசிக்கவில்லை. அயல் பெண்கள் வேலியடியில் கூடி நிற்கும்போதே கத்தினேன். "துடக்கோட கோயிலுக்கு வந்தநீயா? அதான் அம்மாள் காட்டிப்போட்டா."

மாதவிடாய்த் தீட்டைத்தான் துடக்கு என்போம்.

"சத்தியமா இல்லக்கா."

"அப்ப இதென்னடி, றால் கடிச்சதா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேப்பிலையில் படுக்க வைத்து, மீன், இறைச்சி என்று மச்சத்தை நிறுத்தினோம். அடங்கியது. நான் சொன்னதுதான் சரி என்று திரிந்தேன். அடுத்த சடங்கில் பொங்கல் பானையைத் தொட அவளை ஒருத்தியும் கூப்பிடவில்லை. மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் இறால் கறியோடு சாப்பிட்டவள் மூச்சு அடைத்து விழுந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, மூச்சு வந்த பிறகு டாக்டர் கேட்டார்: "இதுக்கு முதல் இப்படி வந்திருக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையாட்டினாள்.

இறால் தின்ற நாளெல்லாம் அரித்துத் தடித்ததாம், பிறகுதான் சொன்னாள். சொன்னால் நான் திரும்பவும் துடக்கு என்பேன் என்று மறைத்திருக்கிறாள். சாகக் கிடந்தும் டாக்டரை விட எனக்குத்தான் பயந்தாள். நான்தான் உண்மையைச் சொன்னேன், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல். இறால் ஒவ்வாமை என்றார் அவர்.

மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். அவளிடம் விளக்கம் கேட்டேன்.

"சித்தியிட உடம்பு றாலை எதிரியெண்டு நினைச்சிட்டம்மா. இந்தச் சண்டையில கன வகைக் கலங்கள், அதான் செல்லுகள், சேருது. அதில ஒண்டு இயற்கைக் கொல்லி டி கலம். கொஞ்சம்தான் இருக்கும். சில கொழுப்புகளைக் கண்டா உடனே ரசாயனங்களைக் கொட்டும். ஒரு வகை ரசாயனம் ஒவ்வாமையை ஏத்திவிடும், இன்னொரு வகை அமத்தும்."

"கொல்லியெண்டு பேரை வச்சிக்கொண்டு அமத்துறதும் அதுதானா?"

"ஓம். எப்ப எந்தப் பக்கம் சாயுமெண்டு இன்னும் முழுசாத் தெரியாது. சித்திக்கு அது என்ன செய்ததெண்டும் எனக்குத் தெரியாது."

"துடக்கு அதில எங்க வருது?"

"எங்கயும் வரல்லம்மா."

இந்த வருடச் சடங்கில், பானையடியில் நின்ற பெண்களிடம், தங்கைக்குத் துடக்கு என்று நான் சொன்னது பொய் என்றேன். "அதெல்லாம் ஆருக்குகா ஞாபகம்?" என்றாள் ஒருத்தி. அன்று வேலியடியில் முதலில் சிரித்தவள் அவள்தான்.

மதிலுக்கு வெளியே போய்த் தங்கையின் கையைப் பிடித்தேன். "உள்ள வா புள்ள. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"நீ போ அக்கா. எனக்கு இஞ்ச நிண்டு பழகிட்டு."