முழங்காலால் ஏறிய மலை

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் என் மாமியார் இடுப்பில் படங்கு கட்டமாட்டார். கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடி கீறாமலிருக்கக் கட்டும் அந்தத் தடித்த துணியை மடித்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் வைத்துவிட்டு, பூனாகலைப் பக்கத்து எங்கள் தோட்டத்தின் சிலுவை மலையை முழங்காலாலேயே ஏறுவார். கல்லும் முள்ளும் நேராகத் தோலில் படவேண்டும் அவருக்கு. உச்சியிலுள்ள பதினான்காவது சிலுவைக்கு வரும்போது சேலையில் இரத்தம் கசிந்திருக்கும். எனக்குப் பார்க்கவே கோபம் வரும்.

அவ்வளவும் அவர் மகனுக்காக, அதாவது என் கணவருக்காக. குடித்துவிட்டுப் பெரகல ரோட்டு வளைவில் விழுந்து, பாவசங்கீர்த்தனம் செய்ய நேரமில்லாமல் செத்துப்போன மனிதர். தன் உழைப்பாலேயே மகனை மோட்சத்தில் சேர்த்துவிடலாம் என்று அத்தை நம்பினார்.

இதைக் கேள்விப்பட்டுப் பங்குத் தந்தை ஒருநாள் லயத்துக்கே வந்தார். "அம்மா, மனுசன் தன் முயற்சியாலேயே கரைசேரலாம்னு ஆதிகாலத்துலயே ஒருத்தர் போதிச்சாரு. திருச்சபை அதைத் தப்புன்னு தள்ளிருச்சு. மீட்பு ஆண்டவர் சும்மா குடுக்குறது" என்றார்.

அத்தை தேத்தண்ணியை நீட்டியபடியே சொன்னார்: "சும்மா குடுத்தத நா பாத்ததே இல்லைங்க சாமி. சொகமில்லாம படுத்தா அன்னிக்கிப் பேரு போடமாட்டாங்க, சம்பளமும் இல்ல."

தந்தை தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் தந்தையின் கட்சி. பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, எல்லாம் தெரிந்தவள்!

கடைசி வருடம் பாரிசவாதத்தில் அத்தைக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடந்து அழுதார். "நா படுத்துட்டேன். எம்புள்ள பாதியில நிக்கிறான். நீ ஒருதரம் ஏறிருவியா தாயி?"

ஏறுகிறேன் என்றேன். பெரிய வெள்ளியன்று மலையடிக்குப் போனதும், ஊரே பார்க்க முழங்காலிட வெட்கமாக இருந்தது. தந்தை சொன்னதுதானே சரி என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடந்தே ஏறி இறங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சேலையில் சேற்றைப் பூசிக்கொண்டு வீடு திரும்பினேன்.

"ஏறிட்டேன் அத்தை."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நல்ல கையை நீட்டி, சேலையை விலக்கி, என் முழங்காலை ஆசையாகத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது. அங்கே ஒரு கீறல்கூட இல்லை. கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பின் என்னோடு பேசவில்லை. உயிர்ப்பு ஞாயிறு விடியுமுன் போய்விட்டார்.

மீட்பு சும்மா கிடைக்கும் என்று இன்றும் நம்புகிறேன். அத்தைக்கும் அவர் மகனுக்கும் அது கிடைத்திருக்கும். எனக்கு என்று நினைக்கும்போதுதான் அந்த நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று முதல் சிலுவையடியில் முழங்காலிட்டேன். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பதறி ஓடிவந்து கைகொடுத்தாள்.

"ஐயோ டீச்சர், விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "ஏறுறேன்."