திருப்பிக் கொண்டுபோன பலூன்கள்

போன மாதம் என் மகன் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்தான். மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மைசூரில் நாங்கள் அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரம் நின்றிருந்தது. மற்ற இடங்களில் வரிசை அதைவிட நீளம். “ஹீலியம் வரணும் மேடம். அது இல்லாம காந்தம் குளிராது” என்றார் அங்கிருந்தவர். அந்தப் பயத்திலும் எனக்கு என் பிறந்தநாள் பலூன்கள் ஞாபகம் வந்தன.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அக்ரஹாரத்தில் வாடகை வீடு. அப்பா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். காந்தத்தைக் குளிர்விக்க ஊற்றும் திரவ ஹீலியம் ஆவியாகும்போது, அதை வீணாக்காமல் ஒரு பெரிய ரப்பர் பையில் பிடித்து மறுபடி சிலிண்டரில் அடைப்பது அவர் பொறுப்பு. அது கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு அங்கேயே ஸ்டோரில் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். அதற்காக அவர் வருந்திய நாள்களில் என் பிறந்தநாளும் ஒன்று.

அன்று சாயங்காலம் கூடத்துக் கூரை முழுக்கப் பலூன்கள் முட்டிக்கொண்டு நின்றன. மாமாவின் ஏற்பாடு. என் தோழிகள் வாயைப் பிளந்தார்கள். வேலையிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல என்ன அடைச்சே?”

“சிலிண்டர் அடியில கொஞ்சம் கிடந்துச்சு மச்சான். காத்துதானே.”

“காத்தா? அது வந்து சேராமத்தான் மெஷினை நிறுத்தி வச்சிருக்கோம்.”

“நிலாவுல கிடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது வேற வகை ஹீலியம். என்னைக்காவது அதுல கரண்டு எடுக்கலாம்னு பார்க்கிறாங்க.”

“அதுவரைக்கும் புள்ள பலூன் இல்லாம இருக்கணுமாக்கும்.”

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா சத்தம் போடவில்லை. கேக் வெட்டி, தோழிகள் கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியில் ஏறி நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து எல்லா நூலையும் என் கையில் சுற்றினார். பலூன்களில் இருந்ததை மறுபடி அந்த ரப்பர் பையில் சேர்க்க ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புறப்பட்டோம்.

வழியில் ஓர் ஆட்டோ எங்களை ஒட்டி நின்றது. மடியில் குழந்தையோடு இருந்த அம்மாள் கன்னடத்தில் விலை கேட்டார்: “பலூன் எஷ்டு?”

“மாராட்டக்கில்லம்மா” என்றார் அப்பா, விற்பதற்கில்லை என்று. அந்த அம்மாள் நம்பவில்லை. பேரம் பேசினார். வேடிக்கை பார்த்துத் திரும்பியதில் என் கையிலிருந்து ஒரு நூல் நழுவியது. அப்பா ஸ்கூட்டரை ஓரங்கட்டி, சிவப்புப் பலூன் புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“வேற வாங்கிக்கலாம்பா” என்றேன்.

“அந்தக் காத்து பூமியை விட்டே போயிடும் கண்ணு. திரும்பி வராது.”

மைசூரிலேயே பெரிய கஞ்சன் என் அப்பாதான் என்று அன்று முடிவு செய்தேன். மாமா மட்டும் எனக்கு வள்ளலாகத் தெரிந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஒருவழியாக ஹீலியம் வந்தது. மகனை உள்ளே படுக்க வைத்தார்கள். மூளையில் கோளாறு எதுவும் இல்லை, கொஞ்ச காலம் மாத்திரை போதும் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். பள்ளியிலிருந்து போன் வந்தால் இன்னும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

அன்று ஸ்கூட்டரில், விரல் சிவக்கச் சிவக்க நூல்களைப் பிடித்திருந்தபோது, இதெல்லாம் யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.