ஈறு பூசிய சக்கரம்

பல்வலியோடு போன இடத்தில்தான் பல்லக்காவை முதலில் பார்க்க நேர்ந்தது. காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். ஒரு கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் யாருக்கோ செய்த பல்செட். மறு கையில் சைக்கிளின் முன் சக்கரம். பழைய போர்வையில் தைத்த உறை ஒன்றை அதற்கு மாட்டியிருந்தாள்.

"கீழ விட்டா நாளைக்கு வேற யாராவது இதுல போவாங்க," என்றாள், யாரும் கேட்காமலே.

பல்செட் செய்யும் லேபுக்கும் ஊரிலுள்ள பல் மருத்துவமனைகளுக்கும் இடையே, வாயில் எடுத்த அச்சும் செய்து முடித்த பல்லும் சுமப்பதுதான் அவள் வேலை; பல்லக்கா என்ற பெயரும் அதில் வந்ததுதான். அவளுடைய சைக்கிள், ஒரு லீவரைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும் ரகம். வாங்கும்போது கடைக்காரன் அதைப் பெரிய வசதியென்று சொல்லி விற்றான். யாருக்கு வசதி என்பதை ஊர் சொல்லிக்கொடுத்தது. முதல் சக்கரம் போன அன்று, சைக்கிள் மூக்குடைந்தவன் மாதிரி தரையில் குப்புறக் கிடந்தது. அடுத்த சக்கரத்துக்குத் தனியாக ஒரு கம்பிப் பூட்டு வாங்கினாள். பின் சக்கரத்தைக் கட்டியிருந்த கனத்த சங்கிலியைத் தொடாமல், கம்பிப் பூட்டை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு முன் சக்கரத்தோடு போனான் ஒருவன். இரண்டு தடவையும் பல் போய்ச் சேரத் தாமதமானது.

"இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா ஸ்கூட்டர் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன்மா," என்றார் லேப் முதலாளி. "டாக்டருங்க என்னைத்தான் திட்டறாங்க."

அதிலிருந்துதான் சக்கரத்தைக் கழற்றிக் கையோடு தூக்கிப் போகும் வழக்கம் வந்தது. தூக்குகிறவளுக்கே அது பிடித்திருந்ததா என்றால், இல்லை. ஊரே துப்பிய எச்சில், நாய் கழித்தது, சாக்கடை ஒழுகியது, எல்லாவற்றிலும் உருண்டு வந்த சக்கரம். உறை போட்டாலும் கையில் பிசுபிசுக்கும். வீட்டுக்குப் போனால் மகள் கதவருகிலேயே நிறுத்திவிடுவாள்.

"அம்மா, எதையும் தொடாத. சோப்பு எடுத்துட்டு வரேன், அங்கயே நில்லு."

"உள்ளயாவது விடுடி, நான் என்ன குப்பை வண்டியா?"

"குப்பை வண்டி தேவலை. அதுக்கு மூடி இருக்கு."

ஒரு நாள் அந்தப் பல் மருத்துவமனைக்குப் புதிய பெண் டாக்டர் வந்தார். வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சக்கரம்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. வாயைத் திறந்துவைத்துப் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் தெருவைக் கொண்டுவந்து சாய்த்துவைத்தால் எந்த டாக்டர்தான் பொறுப்பார்?

"இனிமே இது வாசல்லயே இருக்கட்டும்," என்றார்.

பல்லக்கா லேபில் வந்து புலம்பினாள். அங்கே பல்லை மெழுகில் வரிசையாகப் பதித்துப் பார்ப்பவரை எல்லோரும் மெழுகு அண்ணன் என்பார்கள். ஊரில் எதற்கு எந்தத் திருகு கழன்றாலும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

"லீவரைத் தூக்கிப் போடு. சாதா நட்டு மாட்டு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

செயற்கை ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மாவைத் திரவத்தில் குழைத்து, நட்டு இரண்டின்மேலும் அப்பினார். அது இறுகிக் கல்லானது. முன் சக்கரத்தின் நடுவில் இருபுறமும் ஈறு முளைத்தது போலிருந்தது.

"பார்க்கவே வாந்தி வருதுண்ணே."

"வரட்டும். திருடனுக்கும் வரட்டும்."

சில வாரம் நிம்மதி. கை வீசிக்கொண்டு படியேறுவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்புறம் அந்த நாள். மருத்துவமனையில் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். பையில் இன்னொரு டப்பா இருந்தது. ஊரின் மறுகோடியிலுள்ள மருத்துவமனையில், பழைய பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒருவர் அதற்காக நாற்காலியில் காத்திருந்தார். மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி காலையிலேயே மிரட்டி அனுப்பியிருந்தார்.

சைக்கிள் இருந்தது. முன் சக்கரமும் இருந்தது. ஆனால் ரிம் எட்டுப் போட்ட மாதிரி மடங்கி, கம்பிகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஈறு மட்டும் கீறலோடு அப்படியே இருந்தது.

எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை. வாசலில் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இதை யாருங்க இப்படிப் பண்ணது?"

"ஒரு ஆளும்மா. ரொம்ப நேரம் கழட்டிப் பார்த்தான். வரல. கோவத்துல மிதிச்சுட்டுப் போயிட்டான்."

"ரொம்ப நேரமா? நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன். குனிஞ்சே வேலை பார்த்தான், பாவம். ஸ்டூல் கேட்டான், கொடுத்தேன்."

பல்லக்கா கடையின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடி விக்கற கடையிலதானே இருக்கீங்க? ஒண்ணு வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?"

"பார்வை நல்லாத்தாம்மா இருக்கு. எல்லாத்தையும் பார்த்தேன்."

சக்கரத்தை மாற்றலாமென்றால், திருடனாலேயே கழற்ற முடியாத நட்டை அவளால் மட்டும் கழற்ற முடியுமா? முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் சாயங்காலமாகிவிடும். விட்டுவிட்டுப் போனால் சைக்கிள் என்னவாகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"வர்ற வரைக்கும் இதைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?"

"அதுக்கென்ன, பார்த்துக்கறேன்."

பஸ்ஸுக்கு ஓடினாள். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். நாற்காலியில் இருந்தவர் புதுப் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, அழகாக இருக்கிறதா என்று அவளையே கேட்டார். இருக்கிறது என்றாள்.

திரும்பி வந்தபோது சீட் இல்லை. ஹேண்டில் இல்லை. பெடல், செயின், பெல் எதுவும் இல்லை. சங்கிலி போட்ட பின் சக்கரமும் ஈறு போட்ட முன் சக்கரமும் நடுவில் ஒரு வெறும் ஃபிரேமும் கம்பி வேலியில் சாய்ந்திருந்தன.

"இந்தத் தடவை வேற ஆளுங்க," என்றார் காவலாளி. "ரெண்டு பேர். சுறுசுறுப்பான பசங்க."

"பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே."

"பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்?"

அந்த மனிதர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. திருடனுக்காவது திருடுவது தொழில். இவர் வேடிக்கை பார்த்ததற்கு எந்தக் கூலியும் இல்லை. காறித் துப்ப வேண்டும்போல வாயெல்லாம் ஊறியது. தரையைப் பார்த்தாள். அந்தத் தெருவில் துப்பவும் இடம் மிச்சமில்லை. விழுங்கிக்கொண்டு சங்கிலிப் பூட்டைத் திறந்தாள். ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு லேபுக்கு நடந்தாள்.

முதலாளி மத்தியானப் பல்லைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். பிறகு தோளிலிருந்ததைப் பார்த்தார்.

"நாளைக்கு எதுல போவம்மா?" என்றார்.

அவள் ஃபிரேமை இறக்கி மெழுகு அண்ணன் மேசையோரம் சாய்த்துவைத்தாள்.

தூரத்து மருத்துவமனைகள் எல்லாம் ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போய்விட்டன. பக்கத்திலுள்ளவற்றுக்கு மட்டும் பல்லக்கா இப்போது நடந்து போகிறாள். மற்ற நேரங்களில் லேபில், மெழுகு அண்ணனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, பல்செட்டுகளுக்கு மெருகு போடுகிறாள்.